எருக்குழியும் பதினொரு தென்னையும்

மார்கழி விடியலில் எங்கள் கொல்லையில் இரண்டு இடங்களில் ஆவி பறக்கும். ஒன்று, மாட்டுக்குத் தண்ணீர் காயும் அண்டா. இன்னொன்று எருக்குழி. வைக்கோல் போரும் பூசணிக் கொடியும் பனியில் நனைந்து சில்லென்று கிடக்க, குழியின் நடுவிலிருந்து மட்டும் வெள்ளையாக நூல் நூலாக ஏதோ எழுந்துகொண்டிருக்கும். அப்பாயி மண்வெட்டியால் மேல் கூளத்தை ஒதுக்கிவிட்டு என்னைக் கூப்பிடுவார்.

"கையை விட்டுப் பாருய்யா. எண்ணு."

நான் முழங்கை வரை உள்ளே விடுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு எண்ணுவதற்குள் கை தானாக வெளியே வந்துவிடும். சுட்ட கையில் சாணமும் வைக்கோல் துணுக்கும் ஒட்டியிருக்க, அதை நான் ஊதிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அப்பாயி திருப்தியாகத் தலையாட்டுவார். மூன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை என்றால் குழி வேலை செய்கிறது. பத்து வரை எண்ண முடிந்தால் அடுப்பு அணைந்துவிட்டது, புரட்டிப் போட வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு வேறு அளவுகோல் இருந்ததில்லை. நன்றாக வேகும் குப்பையின் நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸ் வரை போகும் என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். என் கைக்கு அது ஏழு வயதிலேயே தெரிந்திருந்தது.

பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் இடைப்பட்ட ஊர். 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாயை எங்கள் ஜனங்கள் இன்றும் புது ஆறு என்றுதான் சொல்வார்கள். அந்த ஆற்றுத் தண்ணீர் முதன்முதலில் எங்கள் வாய்க்காலில் வந்த நாளைத் தாத்தா சிறு பையனாக நின்று பார்த்திருக்கிறார். நுரையும் சருகுமாகத் தண்ணீர் வர, அதற்கு முன்னால் பையன்கள் ஓடினார்களாம். அந்தத் தண்ணீரை நம்பித்தான் பிற்பாடு எங்கள் பக்கம் இத்தனை தென்னை வந்தது. எங்கள் கொல்லையில் பதினொரு மரம். எல்லாம் நெட்டை.

கொல்லை அகலம் குறைவு, நீளம் அதிகம். பின்கட்டுக் கதவைத் திறந்தால் முதலில் கிணறு, துவைகல். அதிலிருந்து ஓடும் தண்ணீருக்குக் கையளவு வாய்க்கால், அதன் வாயில் நாலைந்து வாழைக்கட்டை, சேம்பு. பிறகு கறிவேப்பிலை, முருங்கை. மாட்டுக் கொட்டகை, அதற்குப் பின்னால் எருக்குழி. இரண்டு ஓரத்திலும் தென்னை. கடைக்கோடியில் தாத்தாவுக்கும் மூத்த ஒரு நாட்டு மா. சுற்றிலும் கிளுவை வேலி, இடையிடையே பூவரசம் போத்து நட்டு மரமானவை. வேலிக்கு அப்பால் வாய்க்கால். பாத்திரம் விளக்கியதெல்லாம் சாம்பலும் புளியும், குளித்ததெல்லாம் சீயக்காயும் அரப்பும் என்பதால் அந்தக் கழிவு நீரில் வாழை செழித்து நின்றது. அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட வேலியைத் தாண்டிப் போனதாக எனக்கு நினைவில்லை.

தாத்தா வயலுக்குச் சொந்தக்காரர் என்றால் கொல்லைக்கு அப்பாயிதான். அங்கே அவர் சொல்லாமல் ஒரு கன்று நகராது.

குழிக்கு என்னென்ன போகும், எந்தக் கணக்கில் போகும் என்பது அப்பாயிக்கு மனப்பாடம். ஒரு கூடை சாணம் என்றால் இரண்டு கூடை காய்ந்தது: மாடு தின்று கழித்த வைக்கோல், பூவரசம் சருகு, வாழைச் சருகு. அதன்மேல் கோமியம் ஊறிய கொட்டகை மண் அரைக் கூடை. எல்லாவற்றுக்கும் மேலே, போன வருடத்து எருவில் ஒரு கூடை மிச்சம் வைத்திருப்பார், அதிலிருந்து இரண்டு கை. தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி என்பார். சாம்பல் மட்டும் ஒரு கைக்கு மேல் கூடாது. ஒரு நாள் அடுப்புச் சாம்பலை முறத்தோடு கவிழ்த்துவிட்டேன். மறுநாள் குழியிலிருந்து மூக்கைக் குத்தும் நெடி வந்தது. "எருவோட சத்தெல்லாம் காத்துல போவுது பாரு" என்றார் அப்பாயி. சாம்பலின் காரம் கூடினால் சாணத்தில் இருக்கும் தழைச்சத்து அம்மோனியாவாக ஆவியாகிவிடும் என்பதுதான் அந்த நெடியின் கதை. வேதியியல் வகுப்பில் அந்தப் பெயரை முதலில் கேட்ட நிமிடம் எனக்கு அந்த முறம்தான் கண் முன்னால் வந்தது.

ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தோரில் இருந்து, இந்த நாட்டு விவசாயிகளிடம் கண்டதையும் தான் சோதித்ததையும் சேர்த்து ஓர் எருத் தயாரிப்பு முறையை எழுதிவைத்தார். உலகம் அதை இந்தோர் முறை என்கிறது. பச்சையும் காய்ந்ததும் அடுக்கடுக்காக, பழைய எருவை உறையாக, இடையில் புரட்டிப் போடுவது, வெயில் காலத்தில் குழி, மழைக் காலத்தில் தரைக்கு மேல் குவியல். அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. எங்கள் குழியும் ஐப்பசி அடைமழைக்கு முன்னால் மேடாகிவிடும். அப்பாயி அதைச் சுற்றி ஒரு சாண் வரப்பு கட்டி, கீற்றுப் போட்டு மூடுவார். அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

முற்றிய எருவுக்கும் ஒரு சோதனை உண்டு. கையில் அள்ளிப் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் புட்டு மாதிரி உதிர வேண்டும், முகர்ந்தால் சாண வாடை அறவே இருக்கக் கூடாது. முதல் மழை மண்ணில் விழுந்த வாசனை வரவேண்டும். சித்திரையில் வயலுக்குக் குப்பை அடிக்க வண்டி வரும் நாளில், வண்டிக்காரர்கள் அள்ளத் தொடங்கும் முன்பு அப்பாயி குழியின் நான்கு மூலையிலும் இப்படி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விடுவார். வேகாத மூலையை வயலுக்கு அனுப்ப மாட்டார்.

அந்த வேகாததன் கெடுதியை நானே செய்து பார்த்தேன். கிணற்றடியில் ஓர் எலுமிச்சைக் கன்று. அது என்னுடையது என்று அப்பாயி சொல்லிவிட்டதால் அது சீக்கிரம் காய்க்க வேண்டும் என்று எனக்கு அவசரம். யாரும் பார்க்காதபோது கோழிக் கூண்டுக்கு அடியில் கிடந்த எச்சத்தை இரண்டு சட்டி அள்ளி வந்து தண்டை ஒட்டிக் குவித்தேன். நான்காம் நாள் இலை விளிம்பெல்லாம் தீய்ந்தது. பத்தாம் நாள் குச்சியாக நின்றது. அப்பாயி கோபிக்கவில்லை. கன்றைப் பிடுங்கி என் கையில் கொடுத்து வேரைப் பார்க்கச் சொன்னார். சல்லி வேர்களெல்லாம் கறுத்து, தொட்டால் தோல் கழன்றது. "பச்சப் புள்ளைக்குச் சுடுசோறு ஊட்டுன மாதிரி" என்றார். அதை என்னையே குழியில் போடச் சொன்னார். போட்டேன்.

மரத்துக்குத் தண்ணீர் விடுவதற்கும் இடம் பார்க்க வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன். மாமரத்துக்குத் தூரில் ஊற்றினால் திட்டு விழும். உச்சி வெயிலில் மரத்தின் நிழல் தரையில் எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தில் நடந்துகொண்டே ஊற்ற வேண்டும், தண்ணீர் குடிக்கும் வேரின் வாய் அங்கேதான் இருக்கிறது என்பார். தென்னைக்கு அந்தக் கணக்கு கிடையாது. அதன் வேர் தூரைச் சுற்றி ஆறடிக்குள்தான் அடர்ந்து நிற்கும். அதனால் ஆறடிக்கு வட்டப் பாத்தி, அதில் உரித்த தேங்காய் மட்டைகளை, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கிப் புதைப்போம். மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு சித்திரை வரை கொடுக்கும். அதன்மேல் சருகு. "போத்தி வுடு, மண்ணுக்கு வெயில் படக் கூடாது" என்பார். மூடாக்கு என்ற சொல்லை நான் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் பேச்சில்தான் முதலில் கேட்டேன். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்த மனிதர் அவர். காவிரிப் படுகையில் மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போனவர், 2013 டிசம்பர் 30 அன்று எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில்தான் உயிர் விட்டார். செய்தி கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாயி இரண்டாம் முறை போனதுபோல் இருந்தது.

முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்று ஊரில் சொல்வார்கள். அப்பாயி முன்பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டவர். காய்ப்பு முடிந்ததும் முருங்கையை இடுப்பளவு விட்டு வெட்டிவிடுவார், துளிர்த்துக் கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும். என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. அதனால்தான் நான் அவரிடம் சொன்ன ஒரு பொய் இன்னும் உறுத்துகிறது.

அதற்கு முன் 1977 புயலைச் சொல்ல வேண்டும். நவம்பர் 12. நாகப்பட்டினத்தில் கரையேறிய புயலின் ஓரக் காற்றுதான் எங்கள் பக்கம் வந்தது. அதற்கே முருங்கை வேரோடு சாய்ந்தது. 1952 கார்த்திகைப் புயலைப் பார்த்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, இதெல்லாம் ஒரு காற்றா என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் மாமரத்தில் தொடை கனத்துக் கிளை ஒன்று பாதி முறிந்து, பட்டையோடு தொங்கியது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் அரிவாளோடு வந்துவிட்டார். தாத்தா தடுத்து, ரம்பம் கேட்டனுப்பினார்.

முதல் அறுப்பு கிளையின் அடிப்பக்கம், மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி. கால் பங்கு மட்டும் அறுத்து நிறுத்தினார். இரண்டாவது அதற்கு நாலு விரல் அப்பால், மேலிருந்து. கிளை பாதி அறுபட்டதும் கனத்தில் முறிந்து விழுந்தது, கிழிசல் அடி அறுப்போடு நின்றுவிட்டது. மேலிருந்து மட்டும் அறுத்திருந்தால் அந்தக் கிளை தாய்மரத்தின் பட்டையை ஒரு ஆள் உயரத்துக்கு உரித்துக்கொண்டு விழுந்திருக்கும். மூன்றாவது அறுப்பு மிச்சக் கட்டைக்கு. அதில்தான் தாத்தா அதிக நேரம் எடுத்தார். கிளை மரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டதுபோல் சற்றுத் தடித்திருக்கும். அதைத் தொட்டுக் காட்டி, "இதுதான் மரத்தோட உதடு. இத அறுத்துட்டா வாய மூடாது" என்றார். உதட்டுக்கு வெளியே அறுத்தார். கட்டையும் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, நின்றால் உளுத்து, அழுகல் உள்ளே போகும். காயத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினோம். அந்த நீலம் என் விரல் இடுக்கில் நாலு நாள் இருந்தது. அடுத்த வருடம் வட்டக் காயத்தின் விளிம்பில் புதுப் பட்டை வளையமாகச் சுருண்டு எழுந்தது. நான் கல்லூரிக்குப் போகும் வருடம் அது முழுதும் மூடி, நடுவில் தொப்புள் மாதிரி ஒரு சுழி மட்டும் தெரிந்தது.

"மாவுக்குக் காயம் ஆறும். தென்னைக்கு ஆறாது" என்று தாத்தா சொன்னது அன்றைக்குத்தான். தென்னைக்குப் பட்டைக்கு அடியில் புதுச் சதை வளரும் அடுக்கே கிடையாது. அதில் ஓர் அரிவாள் கொத்து விழுந்தால் மரம் உள்ளவரை அது அப்படியே திறந்துதான் இருக்கும். ஏறுவதற்காகப் படி வெட்டிய தென்னைகளைப் பார்த்தால் எனக்கு இன்றும் பொறுக்காது. எங்கள் பதினொரு மரத்தில் ஒன்றில்கூடப் படி கிடையாது. காய் பறிக்க வரும் மாமா தளைக்கயிறு போட்டு ஏறுவார். பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் மரத்தை ஒட்டி வெட்ட மாட்டார், ஒரு கை நீளம் காம்பு விட்டுத்தான் வெட்டுவார்.

இப்போது அந்தப் பொய்.

எருக்குழியைப் புரட்டும்போது அதற்குள் வெள்ளைப் புழுக்கள் கிடைக்கும். கட்டை விரல் பருமன், வளைந்து அரைவட்டமாகப் படுத்திருக்கும். தலை மட்டும் பழுப்பு. உடம்பின் பின்பாதியில் தோலுக்கு உள்ளே தின்ற சாணம் கருநீலமாகத் தெரியும். உள்ளங்கையில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், மெல்லப் புரளும், கடிக்காது. அவை கொம்பு வண்டின் புழுக்கள். காண்டாமிருக வண்டு என்று வேளாண்மைப் புத்தகங்கள் சொல்லும். புழு சாணத்தைத் தின்று யாருக்கும் கெடுதல் இல்லாமல் கிடக்கும். வண்டாகி இறக்கை வந்ததும் ராத்திரியில் தென்னையின் உச்சிக்குப் பறந்து, விரியாத குருத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். அந்தக் குருத்து பின்னால் விரியும்போது ஓலையில் கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோண முக்கோணமாக இடைவெளி இருக்கும். அதாவது தென்னைக்குச் சோறு போடும் குழியேதான் தென்னையின் பகையையும் வளர்க்கும். குழியை மூன்று மாதம் தொடாமல் விட்டால் அது வண்டுக்குப் பிரசவ அறை. அப்பாயி மாதத்துக்கு ஒருமுறை புரட்டியது எரு வேகுவதற்காக மட்டும் அல்ல.

புரட்டும் நாளில் புழு பொறுக்குவது என் வேலை. ஒரு தகர டப்பா. பொறுக்கி எண்ணிச் சொல்ல வேண்டும், பிறகு கோழிகளுக்குப் போட வேண்டும். கோழிகள் அதற்காக அடித்துக்கொள்ளும். எண்ணிக்கையை அப்பாயி மனதில் வைத்துக்கொள்வார். போன தரம் முப்பது, இந்தத் தரம் பன்னிரண்டு, சரி, குறைந்திருக்கிறது என்று.

1979 கோடையில் அப்பாயிக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. புத்தூர்க் கட்டு போட்டு இரண்டு மாதம் கையைத் தூக்கக் கூடாது என்றார்கள். குழி என் பொறுப்பாயிற்று. எனக்குப் பத்து வயது. தெருவில் பம்பரக் காலம். முதல் மாதம் பாதி புரட்டினேன். இரண்டாவது மாதம் மேல் கூளத்தைக் கொஞ்சம் கலைத்துவிட்டு, கையில் சாணத்தைப் பூசிக்கொண்டு திண்ணைக்குப் போனேன்.

"எத்தனய்யா?"

"பதினாலு அப்பாயி."

"பரவால்லயே" என்று என் தலையைத் தடவினார், இடது கையால்.

அந்த ஆவணியில் காய் பறிக்க வந்த மாமா, கிணற்றுக்கு மேற்கே நின்ற மரத்திலிருந்து இறங்கியதும் தாத்தாவைத் தனியாகக் கூப்பிட்டார். குருத்தில் ஓட்டைகள். இடுப்பில் செருகியிருந்த கொக்கிக் கம்பியை விட்டுக் குத்தி நாலு வண்டு எடுத்துக் கீழே போட்டார். கறுத்து மினுமினுத்தன, மூக்கில் கொம்பு. நெஞ்சில் கம்பித் துளையோடும் ஒன்று நடக்கப் பார்த்தது. மற்ற மரங்களின் குருத்தடியில் வேப்பம் புண்ணாக்கும் மணலும் கலந்து போட்டார்கள். ஆமணக்குப் புண்ணாக்கைச் சட்டியில் தண்ணீரோடு கரைத்துக் கொல்லையில் ஆங்காங்கே வைத்தார்கள், ஊறல் வாசனைக்கு வண்டு வந்து விழும் என்று. விழவும் செய்தன.

ஆனால் அந்த மேற்கு மரத்துக்கு அது போதவில்லை. வண்டு துளைத்த காயத்தின் வழியாக வேறொன்று உள்ளே போய்விட்டது. சிவப்புக் கூன்வண்டு. அது புது ஓட்டை போடுவதைவிட, இருக்கும் காயத்தைத் தேடி வந்து முட்டையிடும். அதன் புழு சாணம் தின்னாது, மரத்தின் சதையைத் தின்னும். ஐப்பசி தொடக்கத்தில் தண்டில் ஓர் இடத்தில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது, புளித்த வாடை. அப்பாயி என்னைக் கூட்டிக்கொண்டு போய் மரத்தில் காதை வைக்கச் சொன்னார்.

வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. மூச்சை நிறுத்தியதும் கேட்டது. நற, நற, நற. தூரத்தில் யாரோ கரும்பு மெல்லுவதுபோல. ஒன்றல்ல, பல. மரத்தின் வெளித்தோல் கன்னத்தில் சொரசொரப்பாக, திடமாக, எப்போதும்போல இருந்தது. மேலே பச்சை மட்டைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன, அவ்வளவு இளநீர்க் குலைகள். உள்ளே தின்றுகொண்டிருந்தார்கள்.

அன்று இரவு அப்பாயியிடம் சொல்லிவிட்டேன். பதினாலு இல்லை, நான் புரட்டவே இல்லை என்று. இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வண்டு எங்கேருந்து வேணா பறந்து வரும்யா. ஊருல குப்பமோடா இல்ல" என்றார். அது உண்மைதான். அந்த நாலு வண்டு எங்கள் குழியில் பிறந்தவைதானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் அதை எனக்காகத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை, கட்டுப் பிரித்து முழுதும் தேறாத கையோடு அவரே மண்வெட்டியை எடுத்துக் குழிக்குள் இறங்கினார். நானும் இறங்கினேன். அன்று நான் பொறுக்கியது 112 புழு. டப்பா போதாமல் வாளியில் போட்டோம்.

மேற்கு மரத்தைத் தையில் வெட்டினார்கள். கொண்டை முன்பே மடிந்து தொங்கிவிட்டது. பிளந்தபோது உள்ளே நாராக, ஈரமாக, கூடு கூடாக இருந்தது. அந்த மரத்தைக் கொல்லையில் போட்டு வைக்கக் கூடாது என்று அன்றைக்கே கொளுத்தினார்கள். அப்பாயி அந்தப் பக்கம் வரவில்லை. அடுப்படியில் வேலையாக இருந்தார். ஆடியில் அதற்குப் பக்கத்தில் ஒரு புதுக் கன்று நட்டோம், மறுபடி பதினொன்று.

நான் படிக்க வெளியூர் போனேன், வேலைக்கு இன்னும் தூரம். லீவில் வரும்போதெல்லாம் குழியில் கொஞ்சம் கொஞ்சமாக வேறு பொருட்கள் தெரிய ஆரம்பித்தன. முதலில் பால் பாக்கெட். பிறகு எண்ணெய் கவர், ஷாம்பு உறை. அப்பாயி ஒவ்வொன்றாகக் குச்சியால் எடுத்து வேலியில் மாட்டி வைப்பார், காற்றில் அவை படபடக்கும். "இது வேவவே மாட்டேங்குதுய்யா" என்று ஒரு முறை என்னிடம் காட்டினார். வருத்தத்தைவிட வியப்பு அதிகமாக இருந்தது அந்தக் குரலில். அவர் வாழ்நாளில் குழிக்குள் போய் வேகாமல் திரும்பி வந்த முதல் பொருள் அது. 1991இல் அப்பாயி போனார். மாடுகளை விற்றோம். வீட்டை இடித்துக் கட்டியபோது கட்டட வேலை பார்த்தவர்கள் இடிந்த செங்கல்லையும் சிமெண்ட் கட்டியையும் குழியில் கொட்டி நிரவிவிட்டார்கள். தடுக்க நான் ஊரில் இல்லை. இருந்திருந்தால் தடுத்திருப்பேனா என்பதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

2018 நவம்பர் 15 இரவு கஜா புயல் வந்தது. மறுநாள் விடிந்தபோது பேராவூரணியும் பட்டுக்கோட்டையும் ஒரத்தநாடும் தென்னை இல்லாத ஊர்களாகியிருந்தன. லட்சக்கணக்கில் சாய்ந்த மரங்களின் தலை ஒரே திசையில் கிடந்தது. நான் மூன்றாம் நாள்தான் போய்ச் சேர முடிந்தது. கொல்லையில் பதினொன்றில் எட்டு போய்விட்டது, 1980இல் நட்டதும் சேர்த்து. மாமரத்தில் இரண்டு பெரிய கிளைகள் முறிந்து தொங்கின. மூடிப்போன பழைய காயத்தின் சுழி அப்படியே இருந்தது. மின்ரம்பத்தோடு வந்த இளைஞரிடம், அடியிலிருந்து முதல் வெட்டு என்று சொன்னேன். அதற்கெல்லாம் நேரமில்லை சார், இன்னும் முப்பது வீடு இருக்கு என்றார். அவர் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. பிறகு என்ன நினைத்தாரோ, எந்த இடத்தில் என்று கேட்டு, சொன்னபடியே மூன்று அறுப்பாக அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

விழுந்த தென்னைகளை வாங்க ஆளில்லை. ஊர் முழுக்க அவை கிடந்த இடத்திலேயே கிடந்தன. எனக்கு அப்போதே பயம் பிடித்துக்கொண்டது. அழுகும் தென்னந்தண்டைவிடக் கொம்பு வண்டுக்கு உகந்த இடம் உண்டா? நிற்பது மூன்று மரம். வேளாண்மைத் துறைக்காரர்களும் அதையே சொன்னார்கள், மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தைத் தண்ணீரில் கலந்து மட்கும் குப்பையில் தெளித்தால் அது புழுவின் மேல் வளர்ந்து கொன்றுவிடும் என்று. வாங்கித் தெளித்தேன்.

அது போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. வைகாசியில் பத்து நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். பழைய குழி இருந்த இடத்தில் செங்கல் கட்டிகளைத் தோண்டி எடுத்தேன். ஐந்து அடிக்குக் கீழே, சிமெண்டுக்கு அடியில், கறுப்பு மண் இன்னும் இருந்தது. அதில் ஒரு கூடை தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன், உறைக்கு. பிறகு விழுந்த தென்னைகளை ஒவ்வொரு தண்டாகப் பிளந்தேன். முதல் தண்டிலேயே கிடந்தன, அரைவட்டமாக, பழுப்புத் தலையோடு, பின்பாதி கருநீலமாக. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அதே குளிர்ச்சி.

முதல் நாள் 61. வாளியில் போட்டு, பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். இரண்டாம் நாள் 83. மூன்றாம் நாள் நான் மண்வெட்டியை எடுக்கும் முன்பே ஏழு கோழிகள் வேலிக்குள் நுழைந்து, பிளந்த தண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தன.